திருவிழா மேடையில் காதுக்குள் மானிட்டர்: செஞ்சி பக்கத்து இசைக்குழுக்கள் குறைந்த செலவில் எதை வாங்கலாம்? எதை வாங்கவே கூடாது?

ஆடி பிறந்துவிட்டால் செஞ்சி வட்டாரத்தில் மைக் செட்டுக்கு ஓய்வே கிடையாது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் அமாவாசை ஊஞ்சல் உற்சவம், மாசியில் மயானக் கொள்ளை, பங்குனி சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு ஊரில் மேடை போட்டிருப்பார்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு ஊர்ப் பெயர் வெளியேயும் நன்றாகத் தெரியத் தொடங்கிவிட்டது. ஆனால் மேடையில் நின்று பாடுகிறவர்களின் பிரச்சினை பழைய பிரச்சினைதான். அவர்கள் பாடுவது அவர்களுக்கே கேட்பதில்லை.

பெரிய நகரங்களின் கச்சேரிகளில் பாடகர்கள் காதில் சின்னதாக ஒன்றை மாட்டியிருப்பதை டிவியில் பார்த்திருப்போம். அதுதான் ‘இன்-இயர் மானிட்டர்’, சுருக்கமாக ஐஇஎம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை லட்சங்களில் புழங்கிய சமாச்சாரம் இது. இப்போது ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய்க்கே மேடையில் பயன்படுத்தக்கூடிய இயர்போன்கள் வந்துவிட்டன. ஒரு இரவுச் சம்பளத்தை நம்பி இருக்கும் மெல்லிசைக் குழுக்காரர் இதில் காசு போடலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பாக்ஸ் இருக்கும்போது இது எதற்கு?

கிராமத்து மேடைகளில் பாடகரின் காலடியில் ஒரு மானிட்டர் பாக்ஸ் வைப்பது வழக்கம். அதுவும் இல்லாத மேடைகள் நிறைய. பக்கத்தில் டிரம்ஸ், ரிதம் பேட், பின்னால் கீபோர்டு, எதிரே மக்களைப் பார்த்து அலறும் பெரிய பாக்ஸ்கள். இத்தனைக்கும் நடுவில் தன் குரல் கேட்கவில்லை என்றால் பாடகர் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார். கத்திப் பாடுவார், அல்லது “அண்ணே, மானிட்டர கொஞ்சம் ஏத்துங்க” என்று மைக் செட்காரரிடம் கை காட்டுவார். கத்தினால் இரண்டாவது மணி நேரத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும், சுருதியும் விலகும். பாக்ஸை ஏற்றினால் அந்தச் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பப் போய் ‘கூ’ என்று ஊளையிடும். ஒருவருக்காக ஏற்றியதும் அடுத்தவருக்குக் கேட்காது, அவரும் ஏற்றச் சொல்வார். கடைசியில் மேடையில் இருக்கும் எல்லோருடைய காதும்தான் அடி வாங்கும்.

காதுக்குள்ளேயே ஸ்பீக்கரை வைத்து, வெளிச் சத்தத்தை அடைத்துவிட்டால் இந்தச் சண்டை முடிந்துவிடும் என்பதுதான் ஐஇஎம்மின் அடிப்படை. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் வான் ஹேலன் ராக் குழுவில் மானிட்டர் பொறியாளராக இருந்த ஜெர்ரி ஹார்வி, அந்தக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக ஒரு ஜோடியைச் செய்தார். மேடைச் சத்தத்தில் டிரம்மருக்குக் கேட்காமல் போனதுதான் அதற்கும் காரணம். அதிலிருந்து ‘அல்டிமேட் இயர்ஸ்’ என்ற நிறுவனமே 1995-ல் பிறந்தது.

காதுக்கு என்ன ஆகிறது?

விலையைப் பேசுவதற்கு முன்பு இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ‘நியோஷ்’ பரிந்துரைப்படி, 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம். 94 என்றால் 1 மணி நேரம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். உலக சுகாதார அமைப்பு 2022-ல் வெளியிட்ட நிகழ்ச்சி அரங்குகளுக்கான விதிமுறையும், ரசிகர்கள் கேட்கும் சத்தம் 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றே சொல்கிறது. ரசிகர் ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுப் போய்விடுவார். சீசனில் வாரத்துக்கு நாலு மேடை ஏறும் கலைஞரின் நிலை வேறு.

உள்காதில் இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள் ஒருமுறை செத்துவிட்டால் திரும்ப முளைக்காது. கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது காதில் ‘ஙொய்’ என்று சத்தம் கேட்பது, எதிரில் பேசுபவரின் குரல் பஞ்சு அடைத்த மாதிரி கேட்பது இரண்டும் எச்சரிக்கை மணிகள். “தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்பார்கள். பெரும்பாலும் சரியாகிவிடவும் செய்யும், அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. 2024 ஜூனில் இந்திப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் தனக்குத் திடீரெனக் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டதாக அறிவித்தார். வைரஸ் தாக்குதல்தான் அதற்குக் காரணம் என்று டாக்டர்கள் கண்டறிந்ததாக அவர் சொன்னார். ஆனாலும் அதே பதிவில், அதிகச் சத்தமான இசையும் ஹெட்போனும் வேண்டாம் என்று சக கலைஞர்களையும் இளைஞர்களையும் கேட்டுக்கொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐஇஎம் வாங்கினாலே காது பிழைத்துவிடும் என்று நினைப்பது தவறு. சரியாகப் பொருந்தாத ஐஇஎம், பாக்ஸைவிட மோசமான எதிரி. ஏன் என்பதைப் பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது அடைப்பு

மேடையில் 100 டெசிபல் சத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காதை நன்றாக அடைக்கும் இயர்போன் அதில் 20 டெசிபலைத் தடுத்தால், உள்ளே வருவது 80. அதற்குமேல் பாடகரின் குரலை 85-ல் வைத்தாலே தெளிவாகக் கேட்கும். அதே இயர்போன் லூசாக இருந்து 5 டெசிபல்தான் தடுக்கிறது என்றால் உள்ளே 95 வந்துவிடும். அதை மீறிக் கேட்க 100-க்கு ஏற்ற வேண்டும். பொருளும் அதேதான், மேடையும் அதேதான். ஒருவர் மூன்று நான்கு மணி நேரக் கச்சேரியை நிம்மதியாக முடிப்பார். இன்னொருவர் 15 நிமிடத்தில் அன்றைய கோட்டாவைத் தாண்டிவிடுவார்.

அதனால் பட்ஜெட்டில் வாங்குபவர் பிராண்டைவிட முனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காதுக்குள் போகும் அந்த ரப்பர் அல்லது பஞ்சு முனைக்கு ‘இயர் டிப்’ என்று பெயர். பாக்கெட்டில் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று சைஸ் வரும். பலர் ஏற்கனவே மாட்டி வந்ததை அப்படியே போட்டுக்கொண்டு “பாஸே இல்ல சார்” என்கிறார்கள். அடைப்பு சரியில்லை என்றால் முதலில் ஓடிப்போவது பாஸ்தான். இடது காதும் வலது காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஒன்றுக்கு நடுத்தரம், இன்னொன்றுக்குப் பெரியது என்று மாட்டினாலும் தப்பில்லை.

பஞ்சு முனை சிலிகானைவிட நன்றாக அடைக்கும். விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். வியர்வை பட்டு ஒன்றிரண்டு மாதத்தில் தேய்ந்துவிடும் என்பதுதான் குறை. அடைப்பு சரியா என்று பார்க்க எளிய வழி, மாட்டிக்கொண்டு பேசிப் பார்ப்பது. தன் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி கனமாகக் கேட்டால் சரியாக அடைத்திருக்கிறது. சாதாரணமாகக் கேட்டால் எங்கோ ஓட்டை.

எந்த மாடல், என்ன விலை?

சீனாவின் ஷென்சென் நகரத்தைச் சேர்ந்த கேஇசட் நிறுவனத்தின் இயர்போன்கள்தான் இன்று உலகம் முழுக்கப் பல சின்ன மேடைகளின் முதல் ஐஇஎம். இசட்எஸ்என் ப்ரோ வரிசை ஆயிரத்துச் சொச்சம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வட்டத்தில் கிடைக்கிறது. இசட்எஸ்10 ப்ரோ அதற்குக் கொஞ்சம் மேலே. ஆன்லைனில் விலை வாரத்துக்கு ஒரு மாதிரி மாறும்.

இந்தப் பெயரில் உள்ள ‘10’ பலரை ஏமாற்றும். காதுக்குப் பத்து ஸ்பீக்கர் இல்லை. ஒரு பக்கம் ஐந்து, இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து. ‘டிரைவர்’ எனப்படும் இந்தச் சின்ன ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை கூடினால் தரம் கூடும் என்பதும் விளம்பரப் பேச்சுதான். ஒரே ஒரு டிரைவர் வைத்து நன்றாக இழைத்த இயர்போன், ஐந்து வைத்ததை வென்றுவிடும். அமெரிக்காவின் ஷூர் நிறுவனத்தின் எஸ்இ215 அதற்கு உதாரணம். பக்கத்துக்கு ஒரு டிரைவர்தான். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலை. ஆனால் 37 டெசிபல் வரை வெளிச் சத்தத்தைத் தடுக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. இதற்குப் போலிகள் ஏராளம், “ஒரிஜினல் பீஸ், பாதி விலை” என்று யாராவது நீட்டினால் வாங்காமல் இருப்பதே லாபம்.

யாருக்கு எது என்பதிலும் வித்தியாசம் உண்டு. மலிவு மாடல்கள் பலவற்றில் பாஸும் மேல் ஸ்தாயி ஒலியும் தூக்கலாக இருக்கும், நடுப்பகுதி அமுங்கியிருக்கும். சினிமாப் பாட்டு கேட்க ஜோராக இருக்கும். டிரம்ஸ், ரிதம் பேட் வாசிப்பவருக்கும் ஒத்துவரும். ஆனால் மனிதக் குரல், ஆர்மோனியம், கீபோர்டு எல்லாம் குடியிருப்பது அந்த நடுப்பகுதியில்தான். பாடகர் வாங்கும்போது குரல் முன்னால் வந்து நிற்கிற மாடலாகப் பார்க்க வேண்டும். கடையில் சோதிக்கும்போது பாட்டைப் போடாமல், தன் குரலையே போனில் பதிவுசெய்து கேட்டுப் பார்ப்பது நல்ல வழி.

ஒயர் கழற்றி மாட்டும் வகையாக இருப்பது கட்டாயம். மேடையில் முதலில் அறுந்துபோவது ஒயர்தான். கழற்ற முடியாத ஒயர் என்றால் இருநூறு ரூபாய் ஒயருக்காக மொத்த இயர்போனையும் தூக்கிப் போட வேண்டும். காது மடலுக்கு மேலே சுற்றி முதுகுப் பக்கம் இறங்கும் ஒயர் நல்லது. தலையை ஆட்டிப் பாடினாலும் இழுபடாது.

ப்ளூடூத் வைத்துச் சமாளிக்கலாமா?

முடியாது. “வீட்ல நல்ல இயர்பட்ஸ் இருக்கே, அதையே மேடையில போட்டுக்கலாமா?” என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ப்ளூடூத்தில் ஒலி போய்ச் சேரச் சாதாரணமாக 100 முதல் 300 மில்லிசெகண்ட் தாமதமாகும். கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும். ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். அப்படியானால் 200 மில்லிசெகண்ட் தாமதம் என்பது 68 மீட்டர் தள்ளி, கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கும் பாக்ஸைக் கேட்டுத் தாளம் போடுவதற்குச் சமம். தபேலாக்காரர் ஒரு தட்டு முன்னால், பாடகர் ஒரு தட்டு பின்னால் என்று கச்சேரி இரண்டாகப் பிரிந்துவிடும். ஒயர்லெஸ் வேண்டுமென்றால் மேடைக்கென்றே செய்த செட்டைத்தான் வாங்க வேண்டும்.

ஒயர்தான் ஏழையின் நண்பன்

இயர்போன் வாங்கிவிட்டால் வேலை முடியாது. அதற்குள் ஒலி எப்படி வரும்? மைக் செட்காரரின் மிக்ஸரில் ‘ஆக்ஸ் அவுட்’ என்று ஒரு வழி இருக்கும். மக்களுக்குப் போகும் சத்தத்தைத் தொடாமல், மேடைக்கு மட்டும் தனியாக ஒரு கலவை அனுப்ப அது பயன்படும். அதில் ‘ப்ரீ ஃபேடர்’ என்ற பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியே கூட்டத்துக்காக அவர் ஏற்றி இறக்கும்போதெல்லாம் பாடகரின் காதிலும் ஏறி இறங்கும். முன்பணம் கொடுக்கும்போதே “ஆக்ஸ் அவுட் எத்தனை இருக்கு? ப்ரீ ஃபேடர் வருமா?” என்று கேட்டுவிட வேண்டும். மேடையேறிய பிறகு கேட்டால் சண்டைதான் வரும்.

அங்கிருந்து இரண்டு வழிகள். நின்று பாடுபவர் இடுப்பில் மாட்டும் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று. பெரிங்கர் பி2 இதில் பிரபலம். இரண்டு சின்ன ‘டிரிபிள் ஏ’ பேட்டரியில் ஓடும், மிக்ஸரிலிருந்து மைக் ஒயர் நேராக இதற்கு வரும். உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு இதுவும் வேண்டாம். அதே நிறுவனத்தின் எச்ஏ400 மாதிரி நாலு பேருக்குப் பிரித்துக்கொடுக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்று போதும். கீபோர்டு, தபேலா, பேட், கிட்டார் நாலு பேரும் ஒன்றிலேயே மாட்டிக்கொள்ளலாம். சத்தத்தை அவரவர் தனித்தனியாகத் திருகிக்கொள்ளலாம். கலவை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆளுக்குச் சில நூறு ரூபாய் செலவில் முடிகிற இந்த ஏற்பாடுதான், உண்மையில் கிராமத்துக் குழுக்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய லாபம். ஆனால் இதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை.

இதில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். மிக்ஸரிலிருந்து வருவது மோனோ, ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் எதிர்பார்ப்பது ஸ்டீரியோ. சாதாரண மோனோ பின்னைக் குத்தினால் ஒரு காதில் மட்டும் கேட்கும், “இயர்போன் புட்டுக்கிச்சு” என்று நினைத்துவிடுவார்கள். மோனோவை இரண்டு பக்கமும் பிரிக்கும் கன்வெர்ட்டர் பின் ஒன்று கைவசம் இருந்தால் போதும். பி2-வில் மோனோ, ஸ்டீரியோ மாற்றும் சுவிட்சே இருக்கிறது.

கோயில் விழாக்களில் ஜெனரேட்டரிலிருந்தோ கம்பத்திலிருந்தோ இழுத்த லைனில்தான் மைக் செட் ஓடும். எர்த் சரியில்லாத மிக்ஸரோடு உடம்பை ஒயரால் இணைப்பது விளையாட்டல்ல. மைக்கைத் தொட்டால் ‘சுர்’ரென்று அடிக்கிற மேடையில், எர்த்தைச் சரிபார்க்காமல் ஒயர் ஐஇஎம் மாட்டவே கூடாது.

ஒயர்லெஸ் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் சின்ன செட்கள் இருக்கின்றன. இந்தியாவில் அந்த அலைவரிசைக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. தாமதமும் சில மில்லிசெகண்ட்தான். ஆனால் வைஃபை ஓடுவதும் அதே பாதையில்தான். கூட்டம் கூடியதும் அறுந்து அறுந்து கேட்க வாய்ப்பு உண்டு. பெரிய பிராண்டுகளின் யுஎச்எஃப் செட்களுக்கு அரை லட்சத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். பழைய யுஎச்எஃப் செட் மலிவாக வந்தால் அலைவரிசையைப் பார்த்து வாங்க வேண்டும். 2022 ஏலத்துக்குப் பிறகு 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி 5ஜி சேவைக்குப் போய்விட்டது.

கூத்துக்கு ஒத்துவருமா?

செஞ்சியை அடுத்த மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் முக்கியத் தலமாகக் கருதுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சியும் குருட்சேத்திரமும் சேர்ந்து வரும். அந்த அளவுக்குப் பாரதக் கூத்து ஊறிய மண் இது. விடிய விடிய ஆடும் கூத்தில் ராஜ வேஷக்காரர் கிரீடமும் கன்னக் கட்டையும் புஜக் கட்டையும் கட்டிச் சுற்றிச் சுழல்வார். அவர் காதில் ஐஇஎம் மாட்டி, இடுப்பில் பெட்டி கட்டுவது நடக்காத காரியம். மாட்டினாலும் கட்டியக்காரனின் எதிர்ப்பேச்சும் கூட்டத்தின் சிரிப்பும் கேட்காமல் போய்விடும். கூத்தே அதில்தானே இருக்கிறது. பின்னால் பெஞ்சில் உட்காரும் ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் வேண்டுமானால் உதவும். பம்பை, உடுக்கை அடிப்பவர்களுக்கு மானிட்டரே தேவையில்லை, அவர்களுக்குத் தேவை வெறும் காதடைப்பான்.

முதல் நாள் மாட்டியதும் என்ன ஆகும்?

பெரும்பாலான பாடகர்கள் முதல் நாளே கழற்றி எறியத்தான் பார்ப்பார்கள். தன் குரல் தலைக்குள் முழங்கும், கைதட்டல் கேட்காது, தனி அறையில் பாடுவது போல இருக்கும். அதற்காகப் பலர் செய்வது ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு மறு காதைத் திறந்து விடுவது. இது ரொம்பத் தப்பு. இரண்டு காதிலும் கேட்கும்போது குறைந்த சத்தமே போதும். ஒன்றைக் கழற்றியதும் மாட்டிய காதில் வால்யூமை ஏற்றுவார்கள். திறந்த காதில் மேடைச் சத்தம் முழுசாக அடிக்கும். இரண்டுமே கெடும். கூட்டத்தின் சத்தம் வேண்டுமென்றால் மேடை ஓரத்தில் மக்களைப் பார்த்து ஒரு மைக் வைத்து, அதை ஆக்ஸில் மட்டும் கொஞ்சம் கலந்துவிடச் சொல்லலாம். குரலுக்கு லேசாக எக்கோ கலந்தாலும் அந்த ‘அறைக்குள் அடைத்த’ உணர்வு போய்விடும்.

வால்யூமை அடியோடு குறைத்து வைத்துவிட்டுத்தான் காதில் மாட்ட வேண்டும். எஸ்இ215-க்கு ஒரு மில்லிவாட் மின்சாரம் கொடுத்தாலே 107 டெசிபல் வரும். மைக் கீழே விழுந்தாலோ, யாராவது ஒயரைப் பிடுங்கி மாட்டினாலோ வரும் ‘டப்’ சத்தம் நேரே செவிப்பறைக்குத்தான் போகும். திடீர்ச் சத்தத்தை அமுக்கும் ‘லிமிட்டர்’ வசதி மிக்ஸரிலோ பெட்டியிலோ இருந்தால், அதற்காக ஐநூறு ஆயிரம் கூடக் கொடுப்பதில் தப்பில்லை.

ஒருவரின் இயர்போனை இன்னொருவர் மாட்டிக்கொள்வது காதில் கிருமித் தொற்றைக் கொண்டுவரும். குழுவுக்குப் பொதுவாகப் பெட்டி இருக்கலாம், காதுக்குள் போவது அவரவருடையதாக இருக்க வேண்டும். சிலிகான் முனையைக் கச்சேரி முடிந்ததும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்கலாம். பஞ்சு முனையைத் துடைக்க மட்டும்தான் முடியும். காதில் சீழ், வலி இருக்கும்போது மாட்டவே கூடாது.

மேடை ஏறுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ‘ஆடியோகிராம்’ எனப்படும் கேட்கும் திறன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், புதுச்சேரி ஜிப்மரிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. சீசன் தொடங்கும் முன்பு ஒருமுறை எடுத்து அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தால், அடுத்த ஆண்டு எடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு வசதியாக இருக்கும். பரிசோதனைக்கு முதல் நாள் இரவு கச்சேரி வைத்துக்கொள்ளக் கூடாது. களைத்த காது தப்பான அளவைக் காட்டும்.